வேலாயுதம் எழுதாத நாவல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதெல்லாம் கிடையாது. ராஜாராமன் கேட்டான், எழுதுகிறேன். எங்கள் பொறியியல் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கல்கத்தாவில் ஒரு கிளை உண்டு. ராஜாராமன் அதன் இப்போதைய செயலாளர், நான் முன்னாள் செயலாளர். இந்த எண்பத்தாறாம் வருஷம் கிளைக்கு வெள்ளி விழா, மலர் போடுகிறார்கள்.

"சேஷாத்ரி சார், நீங்க எல்லா கெட்-டுகெதர்லயும் சொல்வீங்களே, அந்த பாய்லர் நாவல் ஜோக், அதையே ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. விளம்பரம் நிறைய வந்திருக்கு, இடம் கம்மி" என்றான்.

பன்னிரண்டு வருஷமாக அந்த ஜோக்கைச் சொல்லி வருகிறேன். எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும், எந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவேண்டும் என்பது வரை எனக்கு அத்துப்படி. மாலை போடுகிற இடத்தில் நிறுத்துவேன். சிரிப்பு வரும், காபி வரும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். அந்த நாள் மாலை விழுந்ததோடு முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வாயால் சொல்லும்போது அதைத் தாண்டிப் போய்விடலாம். காகிதத்தில் மாலைக்குக் கீழே வெள்ளையாக இடம் கிடக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "1974, ஜூலை. பாலிகஞ்சின் மேல் கருமேகங்கள் திரண்டு—"

வேண்டாம். நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். மேகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது கறுத்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான்.

தொடக்கம் இரண்டு: "பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் மைல் தள்ளி, வங்கத் திருநாட்டில், பிழைப்பின் பொருட்டு—"

என் மனைவி ஷியாமளா இதை வாங்கிப் படித்துவிட்டு, "யார் போயிட்டா?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "எங்கள் சங்கத்தில் யாரும் யாரிடமும் வேலை கேட்டது கிடையாது."

இது பரவாயில்லை. உண்மையாகவும் இருக்கிறது. இங்கிருந்தே போகிறேன்.

கேட்கமாட்டார்கள், அது கௌரவக் குறைச்சல். ஆனால் அந்த வருஷங்களில் கல்கத்தாவில் வாரம் ஒரு தொழிற்சாலை கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உருவானது. மாதம் ஒரு தொழில்நுட்ப உரை நடக்கும். வேலை போனவனை அதில் பேசக் கூப்பிடுவோம். பெரிய பதவியில் இருக்கிற சீனியர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து, தலைப்பைக் கேட்கிற பாவனையில் ஆளை எடைபோடுவார்கள். பிடித்திருந்தால் டீ குடிக்கும்போது, "திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வாயேன்" என்பார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை, காரியம் மட்டும் நடந்துவிடும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதனால் செயலாளரின் பாடு திண்டாட்டம். வேலையில் இருக்கிறவனைப் பேசக் கூப்பிட்டால் முகம் வெளுத்துவிடும். "ஏன் சார், எங்க கம்பெனியப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டீங்களா?" என்பான். ஒருமுறை ஆள் கிடைக்காமல் 'பம்புகள்' பற்றி நானே பேசினேன். மறுநாள் மூன்று பேர் ஷியாமளாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள்.)

3

இப்போது கதாநாயகன். வேலாயுதம், எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். அப்பா கரக்பூரில் ரயில்வே. ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்ததால் பெங்காலி தண்ணீர்பட்ட பாடு, தமிழ் கொஞ்சம் நொண்டும். கல்லூரிக்காக ஐந்து வருஷம் தெற்கே போய்விட்டுத் திரும்பியவர். ஒரு தொழிற்சாலையில் பாய்லர் இன்ஜினீயர். அங்கே ஒரு விபத்து, அதைத் தொடர்ந்து வேலை நிறுத்தம், பிறகு லாக்-அவுட். ஐந்து மாதமாக வீட்டில் இருந்தார். மனைவி வசந்திக்கு அப்போது ஏழாம் மாதம்.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஜோக்கில் இவர் வெறும் அப்பாவி. மாலை விழ ஒரு கழுத்து வேண்டும், அவ்வளவுதான். கதையில் கழுத்துக்கு மேலேயும் ஆள் இருக்கவேண்டியிருக்கிறது.]

அந்த மாதம் ரங்கராஜன் சார் கல்கத்தா வந்திருந்தார். பீகார் பக்கம் ஒரு பொதுத்துறை ஆலையில் தலைமைப் பொறியாளர், எங்கள் கல்லூரியின் மிகப் பழைய மாணவர்களில் ஒருவர். அவரிடம் பாய்லர் பிரிவில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு வருவார், ஏழரை மணிக்கு ஹௌரா ரயில். அதற்குள் வேலாயுதம் பேசி, அவருக்குப் பிடித்துப்போனால் குவார்ட்டர்ஸோடு வேலை. பிடிக்காவிட்டால் கர்ப்பிணியோடு கரக்பூருக்குப் போய் ரிடையரான அப்பாவின் பென்ஷனில் சாப்பிட வேண்டியதுதான்.

4

இனி நான் செய்த முட்டாள்தனம். இதை ரசித்துச் சொல்வேன், பழக்கமாகிவிட்டது.

கல்கத்தா வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பெங்காலியைப் பற்றி எனக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. நம் பேச்சில் இருக்கிற சமஸ்கிருதச் சொல்லை எடுத்து, அகரத்தையெல்லாம் ஒகரமாக உருட்டினால் பெங்காலி. ஜலம் என்றால் ஜொல். மங்கலம் என்றால் மொங்கொல். இதை வைத்துக்கொண்டு நான் மீன் தவிர மற்ற எல்லாம் வாங்கியிருக்கிறேன்.

(இன்னொரு குறிப்பு: என் பெங்காலி மேலதிகாரியிடம் ஒரு ஃபைலை நீட்டி, "கூப் ஒபொஷொர்" என்றேன். ரொம்ப அவசரம் என்று அர்த்தம், என் கணக்கில். அவர் எழுந்து என் கையைப் பிடித்து, "இவ்வளவு சின்ன வயதிலேயா?" என்று வருத்தப்பட்டார். அவர்கள் ஊரில் அது பணி ஓய்வு. இதற்குப் பிறகாவது நான் அடங்கியிருக்கவேண்டும்.)

எங்கள் கூட்டங்கள் பாலிகஞ்சில் ஒரு தெரு நூலகத்தின் மாடி ஹாலில் நடக்கும். நூலகச் செயலாளர் ஹரிபத பாபு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். புத்தகம் திருப்பித் தராதவன் வீட்டுக்கு நேரே போய் அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். சொற்பொழிவு என்பதற்குப் பெங்காலியில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. சித்தாந்தம் கைகொடுத்தது. எங்கள் வீட்டில் பெரிய மனிதர்கள் பேசினால் அது உபன்யாசம். உருட்டினேன்.

"உபொன்னாஷ்" என்றேன்.

ஹரிபத பாபு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் வருகிறவர் ஒவ்பொன்னாஷிக்கா?"

உபன்யாசம் செய்கிறவர் என்பதை எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "ஹாங், ஹாங். கூப் பொடோ ஒவ்பொன்னாஷிக்" என்றேன். ரொம்பப் பெரிய உபன்யாசகர்.

உபொன்னாஷ் என்றால் பெங்காலியில் நாவல். ஒவ்பொன்னாஷிக் என்றால் நாவலாசிரியர்.

5

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் கரும்பலகை. பேசுவேனே தவிர, எனக்கு பெங்காலி எழுத்து தெரியாது. சாக்பீஸில் கொடிமல்லி போட்டு எழுதியிருந்ததைப் பார்த்து, ஒரு பாய்லருக்கு இவ்வளவு மரியாதையா என்று பெருமைப்பட்டேன்.

எங்கள் வழக்கமான கூட்டம் பதினொரு பேர். அன்று மாடிப்படி வரை ஆள். வெள்ளை வேட்டிகள், கஞ்சி போட்ட புடவைகள், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு கல்லூரிப் பெண்கள். ரங்கராஜன் சார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, இத்தனை பேரும் பாய்லர் கேக்கவா வந்திருக்கா?"

"பெங்காலிகளுக்கு அறிவுத் தாகம் ஜாஸ்தி சார்" என்றேன்.

ஹரிபத பாபு எழுந்து வரவேற்புரை கொடுத்தார். தென்னாட்டிலிருந்து வந்திருக்கும், கதைகள் எழுதுகிற ஒவ்பொன்னாஷிக் என்று இரண்டாவது வாக்கியத்தில் சொன்னார். அப்போதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு விளங்கியது. வேலாயுதம் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கையால், கண்டுகொள்ளாதீர்கள், நடத்துங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர்கள் வழக்கப்படி மங்கலமாகச் சங்கு ஊதினார்கள். பாய்லர் இன்ஜினீயரின் கழுத்தில் ரஜனிகந்தா மாலை, நம்மூர் சம்பங்கி, விழுந்தது.

(ஜோக் இங்கே முடிகிறது. சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தில் சிமெண்ட் விளம்பரம் பார்க்கலாம். ராஜாராமனுக்கும் இடம் மிச்சமாகும்.)

6

வேலாயுதம் ஆங்கிலத்தில் பேசினார். தலைப்பு: 'பாய்லர் குழாய்கள் ஏன் வெடிக்கின்றன? ஏழு காரணங்கள்.' கரும்பலகையில் படம் போட்டு, உப்புப் படிவது, சூடு ஏறுவது, இரும்பு மெலிவது என்று ஒவ்வொன்றாக. நன்றாகவே பேசினார். ரங்கராஜன் சார் இரண்டு தடவை தலையை ஆட்டினார். அவர் இரண்டு தடவை ஆட்டினால் வேலை நிச்சயம் என்று எங்களுக்குத் தெரியும். பெங்காலிகளும் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். இது ஏதோ புதுமாதிரி நாவல் என்று நினைத்திருக்கவேண்டும்.

கேள்வி நேரம். ஹரிபத பாபு எழுந்தார். பெங்காலியில் கேட்டார். நான் தமிழில் தருகிறேன்.

"ஏழு காரணம் சொன்னீர்கள். ஒன்றில்கூட மனிதன் இல்லையே. குழாய் வெடித்தபோது எதிரில் யார் நின்றுகொண்டிருந்தார்? உங்கள் நாவலில் அவருக்குப் பெயர் உண்டா?"

எங்கள் ஆட்களில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் எஃகின் தரம் கேட்போம், அழுத்தம் எவ்வளவு என்று கேட்போம்.

வேலாயுதம் சாக்பீஸைக் கீழே வைத்தார். கேட்ட மொழியிலேயே பதில் சொன்னார். அவருக்கு அதுதான் சுலபமான மொழி.

"இருக்கிறது. முகமது இஸ்மாயில். ஃபயர்மேன், உலைக்குக் கரி போடுகிறவர். வியாழக்கிழமை நான் பார்வைத் துளை வழியாகப் பார்த்தேன், ஒரு குழாய் வீங்கியிருந்தது. சொன்னால் பாய்லரை நிறுத்தவேண்டும். சனிக்கிழமை சரக்கு போகவேண்டும். ஞாயிறு வரை தாங்கும் என்று நினைத்தேன். லாக் புக்கில் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை காலையில் வெடித்தது. நெருப்புக் கதவுக்கு எதிரில் இஸ்மாயில். இரண்டு கையும் வெந்துபோயிற்று. தண்ணீர் மட்டத்தைக் கவனிக்காமல் விட்டது அவர் தப்பு என்று விசாரணையில் சொன்னார்கள். என் லாக் புக்கைக் காட்டினார்கள். ஆமாம், எல்லாம் நார்மல் என்று நானும் சொன்னேன். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்காகத்தான் வேலை நிறுத்தமே நடந்தது. எட்டாவது காரணம் நான்."

ஹாலில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். எழுந்து நின்று தட்டினார்கள். ஹரிபத பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "புத்தகம் எப்போது வருகிறது?" என்று கேட்டார்.

வேலாயுதம், "தெரியாது" என்றார்.

7

ரங்கராஜன் சாருக்குப் பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. கீழே டாக்சி நின்றது. வேலாயுதம் மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றார். கூட்டத்துக்கு வந்திருந்த வசந்தி படியின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிழவர் என்னய்யா கேட்டார்? இவன் என்ன சொன்னான்? ஹாலே கப்சிப்னு ஆயிடுத்தே."

வேலாயுதம் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

நான் சொன்னேன். "அது கதை சார். இவரை நாவலாசிரியர்னு நெனச்சுண்டு கேட்டா. இவரும் விளையாட்டா ஒரு கதை கட்டிவிட்டார்."

ரங்கராஜன் சார் டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பலே. பாய்லரும் தெரியறது, கூட்டத்தையும் சமாளிக்கறான். யூனியன்காரன்கிட்ட பேசறதுக்கு இப்படி ஒருத்தன் இல்லாமத்தான் திண்டாடறேன். அடுத்த வாரம் கிளம்பி வாப்பா."

இரண்டு விநாடி விட்டேன். மறுக்க வேண்டுமானால் மறுக்கட்டும் என்று. நியாயஸ்தன் இல்லையா நான். அதற்குள் வசந்தி கடைசிப் படிக்கு வந்துவிட்டாள்.

"தேங்க் யூ சார்" என்றார் வேலாயுதம்.

எழுத்தாளன் ஆகவேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பத்திரிகைகளுக்கு அனுப்பியது எல்லாம் தபால்தலையோடு பத்திரமாகத் திரும்பி வந்தது. என் வாழ்நாளில் வெற்றிபெற்ற கதை இது ஒன்றுதான். நீளம் மூன்று வாக்கியம், வாசகர் ஒருவர். அவர் முழுசாக நம்பினார். உண்மையைக் கதை என்று சொல்லி நான் இஸ்மாயிலின் வாயை அடைத்தேன். அன்று அப்படித் தோன்றவில்லை. ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்றியதாகத்தான் தோன்றியது. இன்றும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது, அதுதான் கஷ்டம்.

8

மாற்று முடிவுகள். மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) வேலாயுதம் நிமிர்ந்து, "இல்ல சார், அது கதை இல்ல" என்கிறார். ரங்கராஜன் சார் அவர் தோளில் கை வைத்து, "உண்மை சொல்ற இன்ஜினீயர்தான் எனக்கு வேணும்" என்கிறார். ஷியாமளா படித்துவிட்டு, "ரங்கராஜன் அப்படியெல்லாம் சொல்ற மனுஷனா?" என்றாள். இல்லை. அடித்துவிட்டேன்.

(ஆ) "என் பெங்காலி போதாது சார்" என்று நான் நழுவிவிடுகிறேன். என் தற்பெருமைக்கு இது நல்ல தண்டனை, வாசகர்களும் ரசிப்பார்கள். ஆனால் அன்று ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பதினொரு வருஷத்தில் நான் முழுசாகப் புரிந்துகொண்ட பெங்காலி அதுதான்.

(இ) கடைசி வரிசையில் இஸ்மாயில் உட்கார்ந்திருக்கிறார். கைகளில் கட்டு. அவர் எழுந்து நின்று—

இந்த வாக்கியத்தை இரண்டு நாள் அப்படியே விட்டு வைத்திருந்தேன். எழுந்து நின்று என்ன சொல்வார்? அவர் எப்படிப் பேசுவார், கோபக்காரரா, குழந்தை குட்டி உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. அவர் ஆயுளை மாற்றுகிற ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு வசனம் எழுத வரவில்லை.

9

வேலாயுதம் இப்போது கல்கத்தாவுக்கே மாற்றலாகி வந்துவிட்டார், அதே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் பெரிய அதிகாரி. பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஜோக் சொல்லும்போது அவரும் இருப்பார். மாலை வந்ததும் சரியாகச் சிரிப்பார்.

அவரைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. போன ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டேன். எட்டு பகுதிகளையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரியில் வைத்து நிதானமாகப் படித்தார், தமிழ் அவருக்கு இன்றும் மெதுவாகத்தான் வரும். நான் எதிரில் உட்கார்ந்து மூன்று தடவை விசிறியின் வேகத்தை மாற்றினேன். ஷியாமளா கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டியது.

படித்து முடித்தார்.

"பேரை மாத்திடறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் சங்கடம். வேண்டாம்னா வேண்டாம், மாலையோட நிறுத்திடறேன்" என்றேன்.

"பேர் இருக்கட்டும்" என்றார். பிறகு, "சேஷாத்ரி-தா" என்றார். எப்போதும் 'சார்' என்பவர், இன்று பெங்காலி முறையில் அண்ணா. "இது மலர்ல வரும். நம்ம ஆளுங்க படிப்பாங்க. இஸ்மாயிலுக்குத் தமிழ் தெரியாதே."

ஆடை கட்டிய காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்கு ரங்கராஜன் சாருக்குத் தெரியாத பாஷைல சொன்னேன். இன்னிக்கு நீங்க இஸ்மாயிலுக்குத் தெரியாத பாஷைல எழுதியிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் பண்றோம்."

"எங்க இருக்கார்னு தெரியுமா?"

"கார்டன் ரீச். அவன் தம்பி டீக்கடை வெச்சிருக்கான், அதுக்கு மேல வீடு. நாலு தடவை அந்தத் தெரு முனை வரைக்கும் போயிட்டேன்."

"உங்களுக்குத்தான் அவர் பாஷை தெரியுமே" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. அவரைப் போகச் சொல்லும் யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது? கதை என்று சொன்னவன் நான். நானும் அல்லவா கூடப் போகவேண்டும்? ஆனால் அதை நான் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், இது சுலபம்.

அவர் காகிதங்களை அடுக்கி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் வேறு பிரதி இல்லை என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. நீங்கள் இப்போது படிப்பது ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியது. அவர் கார்டன் ரீச் போனாரா, வீட்டுக்குப் போனாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். போன் முன்னறையில்தான் இருக்கிறது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் திரும்பினார்.

"ஒரு தப்பு இருக்கு. ஆறாவது பகுதில."

"சொல்லுங்கோ."

"வியாழக்கிழமை இல்ல. புதன்கிழமையே பார்த்துட்டேன். அன்னிக்கும் அந்த மேடைல ஒரு நாள் குறைச்சுத்தான் சொன்னேன்."

படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். ஆறாம் பகுதியில் அந்தச் சொல்லைத் திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது. இருந்தும் அது வியாழன் என்றே அச்சாகும், ராஜாராமனிடம் சொல்லிவிட்டேன். இந்த விஷயத்தில் என் கை பட்டது எதுவும் நேராக ஆனதில்லை. உங்களிடம் பேனா இருக்கும். பக்கத்தைத் திருப்பி, அடித்து, புதன் என்று எழுதிவிடுங்கள்.